நீட்டித்த பரிசில்
ஜான் ஹாரிசன் வாழ்வும் தீர்க்கரேகைக் குழுவும்

புரவலனை நாடிச் சென்ற புலவர், பரிசில் தர அவன் காலம் தாழ்த்தும்போது தம் நிலையை எடுத்துரைத்து வேண்டுவதைப் 'பரிசில் கடாநிலை' எனத் தனித் துறையாகவே வகுத்தனர் தமிழ் இலக்கண நூலார். தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்து, அதியமானிடம் தம் மானத்தைப் பாட்டாக்கிக் காட்டினார் பெருஞ்சித்திரனார். கொடுப்பவனும் பெறுபவனும் முகம் பார்த்து நின்ற காலத்துப் பூசல்கள் அவை. மன்னன் இருந்த இடத்தில் சட்டமும், வள்ளல் இருந்த இடத்தில் குழுவும் வந்து அமர்ந்தபின் அந்தப் பூசல் வேறு வடிவம் கொண்டது. கொடை விதியாயிற்று, விதிக்கு விளக்கம் வேண்டியதாயிற்று, விளக்கத்துக்குத் தீர்ப்பாளர் வேண்டியவராயினர். இந்த மாற்றத்தின் முழு வெப்பத்தையும் தன் வாழ்நாளில் தாங்கியவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தச்சர் ஜான் ஹாரிசன். நாற்பதாண்டுக் காலம் அவர் கடலோடும் கடிகாரத்தோடும் போராடினார். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் தம் நாட்டு அரசின் குழு ஒன்றோடும் போராடினார்.

கடலில் கலங்கிய கண்கள்

நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குத் தான் எங்கிருக்கிறோம் என அறிய இரண்டு அளவுகள் வேண்டும். வடக்கு தெற்கு நிலையைக் கதிரவனின் உச்சி உயரமும் துருவ மீனும் சொல்லிவிடும். கிழக்கு மேற்கு நிலையைச் சொல்ல வானில் நிலைத்த அடையாளம் ஏதுமில்லை. உலகம் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒருமுறை சுழல்வதால், ஒரு மணி நேர வேறுபாடு பதினைந்து பாகைத் தீர்க்கரேகைக்குச் சமம். எனவே புறப்பட்ட துறைமுகத்தில் இப்பொழுது மணி என்ன என்று தெரிந்தால், கப்பலில் உச்சிப்பொழுதைக் கணித்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு தீர்க்கரேகையைச் சொல்லிவிடலாம். கொள்கை எளிது. புறப்பட்ட ஊரின் மணியைக் கடல் கடந்து கொண்டுசெல்லும் கடிகாரந்தான் இல்லை. ஊசல் கடிகாரம் அலையில் தடுமாறியது. வெப்பத்தில் உலோகம் நீண்டது. குளிரில் எண்ணெய் கெட்டியாயிற்று. அக்காலத்துச் சட்டைப்பைக் கடிகாரங்களோ நாளொன்றுக்கு நிமிடக் கணக்கில் பிழைத்தன.

அறியாமையின் விலை உயிர்களாகச் செலுத்தப்பட்டது. 1707ஆம் ஆண்டு அக்டோபரில், தளபதி கிளௌட்ஸ்லி ஷவல் தலைமையில் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், தளபதியும் மாண்டார். வணிகரும் மாலுமிகளும் நாடாளுமன்றத்தில் முறையிட்டனர். 1714இல் தீர்க்கரேகைச் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் ஒரு வகையில் வியக்கத்தக்கது. யார், எந்த முறை என்று அது கேட்கவில்லை. விளைவை மட்டும் கேட்டது. ஒரு பாகைக்குள் தீர்க்கரேகையைக் காட்டும் முறைக்கு 10,000 பவுன். மூன்றில் இரண்டு பாகைக்குள் காட்டினால் 15,000. அரைப் பாகைக்குள் காட்டினால் 20,000. பிரிட்டனிலிருந்து மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்குச் செல்லும் பயணத்தில் அது மெய்ப்பிக்கப்பட வேண்டும். முன்னோட்ட ஆய்வுகளுக்கு 2,000 பவுன் வரை வழங்கவும் வழி இருந்தது. அரைப் பாகை என்பது இரண்டு நிமிட நேரம். ஆறு வாரப் பயணத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிழைக்கக்கூடாது என்றால், நாளொன்றுக்கு மூன்று நொடிக்கு மேல் தவறக்கூடாது. நிலத்தில்கூட அன்று அரிதான செம்மை அது.

அதே சட்டத்தில் ஒரு சிறு தொடரும் இருந்தது. கண்டுபிடிக்கும் முறை கடலில் நடைமுறைக்கு ஒத்ததாகவும் பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எத்தனை பேருக்குப் பயன்? எத்தனை படிகள் செய்யப்பட்டால் நடைமுறை? சட்டம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை முடிவு செய்யும் பொறுப்பு ஆணையர் குழுவிடம் விடப்பட்டது. கடற்படைத் தலைவர்கள், அமைச்சர்கள், அவைத்தலைவர், இராயல் கழகத் தலைவர், அரச வானியலாளர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர்கள் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். கைவினைஞர் ஒருவரும் இல்லை. அறிஞருள் பலர் விடை வானத்திலிருந்தே வரும் என நம்பியவர்கள். 1675இல் கிரீனிச் வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டதே தீர்க்கரேகைக்கு விடை காணத்தான். நாடாளுமன்றக் குழுவுக்கு ஆலோசனை சொன்ன ஐசக் நியூட்டனும், கப்பலின் ஆட்டத்தையும் வெப்பதட்ப மாறுதலையும் தாங்கும் கடிகாரம் இதுவரை செய்யப்படவில்லை என்றே குறிப்பிட்டார்.

மரத்தில் பழகிய கை

ஹாரிசன் 1693இல் யார்க்ஷயர் நாட்டுப்புறத்தில் தச்சர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் ஹம்பர் ஆற்றுக்குத் தென்கரையிலுள்ள பாரோ என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. தந்தையின் தொழிலே அவர் கல்விச்சாலை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவருடைய இயற்கைத் தத்துவ விரிவுரைகளின் கையெழுத்துப் படியொன்று அவருக்கு இரவலாகக் கிடைத்தது. அதனைப் படங்களோடு முழுவதும் தம் கையால் படியெடுத்துக் கொண்டார். தேவாலயப் பாடற்குழுவைப் பயிற்றினார். மணிகளைச் சுருதி சேர்த்தார். ஓசையின் ஒழுங்கும் பொழுதின் ஒழுங்கும் அவர் உள்ளத்தில் ஒன்றாகவே இருந்தன.

இருபது வயதில், 1713இல், முதல் கடிகாரத்தைச் செய்தார். அதன் பற்சக்கரங்களும் மரத்தாலானவை. 1720களின் தொடக்கத்தில் பிராக்கிள்ஸ்பி பண்ணையின் குதிரை லாயத்துக்குச் செய்த கோபுரக் கடிகாரத்தில், தானே நெய் சுரக்கும் வெப்பமண்டல மரத்தை உராயும் இடங்களில் பொருத்தினார், எண்ணெயே தேவைப்படவில்லை. எண்ணெயின் கெடுதியே கடிகாரத்தின் கெடுதி என்பதைக் கண்டு, எண்ணெயை நீக்கிய கை அது. தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓர் ஊசல் செய்தார். ஓர் உலோகம் நீள்வதை மற்றது ஈடுசெய்ததால் வெப்பத்திலும் குளிரிலும் ஊசலின் நீளம் மாறவில்லை. மாதத்துக்கு ஒரு நொடி அளவே பிழைக்கும் கடிகாரங்களை அந்தச் சிற்றூர்த் தச்சர்கள் செய்தனர்.

1730இல், முப்பத்தேழாம் வயதில், கடற்கடிகாரத்துக்கான வரைவுகளோடு இலண்டன் சென்றார். அரச வானியலாளர் எட்மண்ட் ஹாலி அவரை இன்முகத்தோடு வரவேற்றார்; குழுவிடம் நேரே செல்லாமல், கடிகார வல்லுநர் ஜார்ஜ் கிரகாமைக் காணுமாறு அறிவுரை கூறினார். கிரகாமோடு பேசத் தொடங்கிய ஹாரிசன், இரவு உணவும் அங்கேயே உண்டு திரும்பினார். திரும்பும்போது கையில் கிரகாம் கொடுத்த கடன் இருந்தது; வட்டியில்லாக் கடன். சட்டம் இயற்றிப் பதினாறு ஆண்டுகளாகியும் தீர்க்கரேகைக் குழு ஒரு முறைகூடக் கூடியிருக்கவில்லை என்பதை இவ்விடத்தில் நினைவுகொள்ள வேண்டும். பெரும்பரிசு அறிவித்த அரசு கருவூலத்தில் காத்திருந்தது; முதல் பொறிக்கு முதல் பணம் தந்தவர் ஒரு தொழில்வல்லுநர்.

நான்கு பொறிகள்

ஐந்தாண்டு உழைப்பில் 1735இல் முதற்பொறி முடிந்தது. முப்பத்துநான்கு கிலோ எடை. பளபளக்கும் பித்தளைத் தண்டுகள். ஊசலுக்குப் பதில் ஒன்றையொன்று ஈடுசெய்து அசையும் இரு கோல்கள். கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் ஒன்றின் இழப்பு மற்றதன் வரவாயிற்று. 1736இல் அது லிஸ்பன் வரை சென்று திரும்பியது. திரும்பும் வழியில் கரை தென்பட்டபோது, கப்பலை நடத்தியவர்கள் ஒரு முனை எனக் கருதியதை, அது அன்று, அறுபது மைல் மேற்கிலுள்ள லிசார்டு முனை என்று ஹாரிசன் சொன்னார். அவர் சொன்னதே சரியாயிற்று.

1737 ஜூன் 30ஆம் நாள், சட்டம் பிறந்து இருபத்துமூன்று ஆண்டுக்குப்பின், குழு முதன்முதலாகக் கூடியது. அவையில் இருந்தவர் அனைவரும் பொறியை மெச்சினர். விதிப்படி மேற்கிந்தியப் பயணம் ஒன்றைக் கேட்டிருக்கலாம் ஹாரிசன். கேட்கவில்லை. தம் பொறியின் குறைகளைத் தாமே அடுக்கினார்; இரண்டாண்டு தந்தால் சிறியதும் சிறந்ததுமான வேறொன்று செய்வதாகச் சொன்னார். குழு 500 பவுன் வழங்க இசைந்தது. பாதி உடனடியாக, மறுபாதி, செய்து முடித்த பொறி கடற்பயணத்துக்கு ஒப்படைக்கப்பட்ட பின். இரு பொறிகளும் பொதுப்பயனுக்கென அரசிடம் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அன்று அந்த நிபந்தனையை எவரும் பெரிதாக எண்ணவில்லை. முப்பதாண்டு கழித்து அது உயிர்பெற்று எழுந்தது.

இரண்டாம் பொறி முடிந்தபோது ஸ்பெயினோடு போர். பகைவர் கையில் சிக்கிவிடும் என்ற அச்சத்தால் அது கடலைக் காணவில்லை. அதற்குள் அதன் கோல்களில் அடிப்படைக் குறையொன்றைக் கண்டுவிட்ட ஹாரிசன் அதனை ஒதுக்கி மூன்றாவதைத் தொடங்கினார். அது பத்தொன்பது ஆண்டுகளை விழுங்கியது. 753 உறுப்புகள், ஒவ்வொன்றும் அவர் கைபட்டது. வெப்பத்துக்கு ஏற்பத் தானே வளையும் ஈருலோகத் தகடும், கூட்டுக்குள் உருளும் உருளைத் தாங்கியும் அப்பொறிக்காகவே அவர் கண்டவை. இன்றும் வெப்பநிலை சீராக்கும் கருவிகளிலும் எண்ணற்ற எந்திரங்களிலும் அவற்றின் வழிவந்தவை இயங்குகின்றன. ஆனால் சட்டம் தீர்க்கரேகைக்கு மட்டுமே விலை வைத்திருந்தது. வழியில் விளைந்த இச்செல்வங்களுக்கு அதன் பேரேட்டில் பத்தி இல்லை. முடிவுக்கு மட்டுமே பொருள் ஒதுக்கும் விதி, வழியிற் பிறந்ததைக் காணாமற் போவது இயல்பு.

இந்த நெடுங்காலத்தில் அவர் குடும்பம் வாழ்ந்தது 500 பவுன் தவணைகளில். ஒவ்வொரு தவணைக்கும் விண்ணப்பம், நேர்முகம், விளக்கம், வாக்குறுதி. விரைவில் முடியும் என்று ஒவ்வொரு முறையும் அவர் சொன்னார். ஒவ்வொரு முறையும் முடியவில்லை. ஆய்வுக்கென ஒதுக்கிய 2,000 பவுன் கரைந்துகொண்டிருக்க, 1753இல் மேலும் 2,000 ஒதுக்கப் புதுச்சட்டம் இயற்றப்பட்டது. குழுவின் பொறுமையைக் குறை கூறுவதற்கில்லை. இத்தனை ஆண்டு ஒரே மனிதருக்கு, கண்காணா விளைவை நம்பிப் பொருள் தந்தது அக்காலத்துக்குப் புதுமை. 1749இல் இராயல் கழகம் தன் உயர்ந்த பதக்கமாகிய காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது.

பின்னர் வந்தது திருப்பம். தம் சொந்தப் பயனுக்கென வேறொரு வல்லுநர் செய்துதந்த சட்டைப்பைக் கடிகாரம் எதிர்பார்த்ததைவிடச் செம்மையாக ஓடக்கண்ட ஹாரிசன், பெரும்பொறிகளின் பாதையே பிழையோ எனச் சிந்தித்தார். அளவில் சிறியதும் துடிப்பில் விரைந்ததுமான சக்கரம் கப்பலின் மெதுவான ஆட்டத்தால் கலங்காது. அறுபது வயது கடந்தபின், இருபதாண்டு நடந்த பாதையை விட்டுத் திரும்பும் துணிவு அவருக்கு இருந்தது. 1759இல் நான்காவது முடிந்தது. பதின்மூன்று சென்டிமீட்டர் குறுக்களவு. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடை. நொடிக்கு ஐந்து துடிப்பு. உள்ளே வைரமும் மாணிக்கமும் உராய்வு தாங்கின.

மெய்ப்பித்தபின் மாறிய விதி

1761 நவம்பரில் ஹாரிசனின் மகன் வில்லியம் அக்கடிகாரத்தோடு ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். தந்தைக்கு வயது அறுபத்தெட்டு. வழியில் மாலுமிகளுக்குரிய பானம் கெட்டுப்போக, மடீரா தீவை விரைவில் அடையாவிட்டால் துன்பம் என்ற நிலை. கப்பலின் கணக்கு ஒன்று சொன்னது. கடிகாரம் மற்றொன்று சொன்னது. மறுநாள் காலை தீவு தென்படும் என்றார் வில்லியம், தென்பட்டது. 1762 ஜனவரியில் ஜமைக்காவை அடைந்தபோது, கடிகாரத்தின் இயல்பான போக்கைக் கழித்துப் பார்த்தால் பிழை ஏறத்தாழ ஐந்து நொடி. புயலில் திரும்பிய பயணத்தையும் சேர்த்தாலும் மொத்தப் பிழை இரண்டு நிமிடத்துக்குள் அடங்கியது. 20,000 பவுனுக்குரிய எல்லை எதுவோ, அதனினும் குறைவு.

குழு இசையவில்லை. ஜமைக்காவின் தீர்க்கரேகையே போதிய உறுதியோடு அறியப்படவில்லை. கடிகாரத்தின் நாட்போக்கு எவ்வளவு என்று புறப்படுமுன் அறிவிக்கப்படவில்லை. ஒரு முறை நேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். இவை மூன்றும் கல்வியுடையார் எழுப்பத்தக்க ஐயங்களே. ஆயினும் இவற்றைப் பயணத்துக்குமுன் எழுப்பியிருக்க வேண்டியவர்கள் பயணத்துக்குப்பின் எழுப்பினர். 2,500 பவுன் முன்பணம் தருவதாகவும், அதில் 1,000 மறுபயணத்துக்குப்பின் என்றும் முடிவாயிற்று.

1764 மார்ச்சில் வில்லியம் மீண்டும் புறப்பட்டார். இம்முறை பார்படோஸ் தீவுக்கு. நாளொன்றுக்கு ஒரு நொடி வேகமாக ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். அத்தீவின் தீர்க்கரேகையை வியாழனின் துணைக்கோள்களைக் கொண்டு கணிக்க இரு வானியலாளர்கள் முன்னதாக அனுப்பப்பட்டிருந்தனர். ஒருவர் நெவில் மஸ்கலின். கடிகாரத்துக்குப் போட்டியான நிலவுத்தொலைவு முறையின் முதன்மை ஆதரவாளர் அவர். அதே பயணத்தில் அம்முறையையும் சோதித்து வந்தவர். 1753இல் சென்னைக் கோட்டை தேவாலயத்தில் இராபர்ட் கிளைவை மணந்த மார்கரெட், இவருடைய தங்கை. போட்டியாளரே அளவுகோலைப் பிடிப்பதா எனத் தீவிலேயே வில்லியம் எதிர்த்தார். முடிவில் அளவு நேர்மையாகவே அமைந்தது: ஏறத்தாழ ஏழு வாரப் பயணத்தில் கடிகாரத்தின் பிழை 39 நொடி, தூரத்தில் பத்து மைலுக்குள். சட்டம் கேட்டதைவிட மும்மடங்கு செம்மை.

1765 தொடக்கத்தில் குழு கூடிக் கடிகாரம் எல்லைக்குள் நின்றதை ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய சிறு தொடர் இப்போது எழுந்து நின்றது. ஒரு மனிதர் ஒரு பொறி செய்தது நடைமுறையா? பிறரும் செய்ய முடிந்தாலன்றோ பயன்? அவ்வாண்டே புதுச்சட்டம் வந்தது. பொறியின் நுட்பமனைத்தையும் வெளிப்படுத்தி, நான்கு பொறிகளையும் ஒப்படைத்தால் பரிசில் பாதி. பிறராலும் அவ்வாறே செய்யக்கூடும் என மெய்ப்பித்தால் மறுபாதி. ஆட்டம் முடிந்தபின் ஆட்டவிதி எழுதப்பட்டது என்று ஹாரிசன் கொதித்தார். அதே ஆண்டில் மஸ்கலின் அரச வானியலாளரானார். பதவியின் பேரில் குழுவின் உறுப்பினருமானார்.

1765 ஆகஸ்டில், எழுபத்திரண்டு வயதுக் கிழவர், ஆறு வல்லுநர்முன் தம் கடிகாரத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் விளக்கினார். அக்டோபரில் பாதிப் பரிசின் மீதி 7,500 பவுன் கைக்கு வந்தது. மறுபாதிக்கு அவரே மேலும் இரண்டு கடிகாரங்கள் செய்ய வேண்டும் என்றது குழு. மாதிரியாகப் பார்த்துச் செய்ய நான்காவது பொறியை மட்டும் தர மறுத்தது. அது கிரீனிச்சில் மஸ்கலினின் சோதனையில் இருந்தது. பத்து மாதம் பூட்டிய பெட்டிக்குள் வைத்துச் சோதித்த மஸ்கலின், முழு நம்பிக்கைக்கு உரியதன்று என அறிக்கை எழுதினார். பிரித்துச் சேர்த்தபின் சீர்செய்யப்படாத கடிகாரம் அது என்பதும், ஒரு பெட்டியில் கிடப்பதும் கப்பலில் பேணப்படுவதும் ஒன்றல்ல என்பதும் ஹாரிசனின் மறுமொழி. ஏனைய மூன்று பெரும்பொறிகளையும் எடுத்துச்செல்ல மஸ்கலின் 1766இல் அவர் வீட்டுக்கே வந்தார். இறக்கும்போது முதற்பொறி ஏவலர் கை தவறி விழுந்தது. 1737இல் எழுதிய நிபந்தனை இவ்வாறு நிறைவேறியது.

சொல் வராத கலைஞன்

மஸ்கலினைக் கொடியவராகத் தீட்டுவது எளிது, உண்மையன்று. அவர் பரிசுக்கு ஆசைப்பட்டவர் அல்லர். டோபியாஸ் மேயரின் நிலவு அட்டவணைகளைக் கொண்டு, மாலுமிகள் கையாளத்தக்க கடற்பஞ்சாங்கத்தை 1767ஆம் ஆண்டு முதல் வெளிவரச் செய்து, 1811இல் இறக்கும்வரை அதனைப் பேணினார். கருவி ஒன்றும் அச்சிட்ட புத்தகம் ஒன்றும் இருந்தால் எந்தக் கப்பலும் தன் நிலையை அறியலாம் என்பது அவர் வாதம். ஹாரிசனின் கடிகாரமோ உலகில் ஒன்றே. அதன் விலையை எந்த மாலுமியாலும் தாங்க முடியாது. மக்கள் பணத்துக்குப் பொறுப்பானவர்கள், ஒற்றை அற்புதத்துக்கா, எல்லார்க்கும் எட்டும் முறைக்கா என்று கேட்டது தவறாகாது. தவறு வேறிடத்தில் இருந்தது. அக்கேள்வி 1714இலேயே சட்டத்தில் தெளிவாக எழுதப்படவில்லை. எழுதப்படாததை, போட்டியில் நின்றவரே தீர்ப்பாளராகவும் அமர்ந்து எழுத நேர்ந்தது. அவர் எத்துணை நேர்மையாளராயினும் தோற்றவர் அத்தீர்ப்பை நம்ப முடியாது.

ஹாரிசனிடமும் ஒரு பெருங்குறை இருந்தது. அவருக்குச் சொல் வரவில்லை. கையால் காட்டக்கூடியதை வாயாலும் எழுத்தாலும் சொல்ல அவரால் இயலவில்லை. இறுதிக் காலத்தில் அவர் அச்சிட்ட நூலில் வாக்கியங்கள் முற்றுப்புள்ளி காணாது பக்கம் பக்கமாக நீண்டு செல்கின்றன. சினமும் நுட்பமும் பின்னிப் பிணைந்து பொருள் நழுவுகிறது. குழு கேட்டதோ விளக்கம். எழுத்தில் அடங்காத அறிவை எழுத்தில் தா என்று கேட்கும் அலுவலகத்துக்கும், செய்துகாட்டியபின் சொல்ல என்ன இருக்கிறது என்று நிற்கும் கலைஞனுக்கும் இடையே மொழியே சுவராயிற்று. கவிதையின் பொருளை உரைநடையில் கேட்கப்பட்ட எந்தக் கவிஞரும் இந்தத் தவிப்பை அறிவார்.

ஆயினும் குழுவின் வற்புறுத்தலால் ஒரு நன்மை விளைந்தது. நுட்பத்தைக் கண்ட அறுவருள் ஒருவராகிய லார்கம் கெண்டலிடம் நான்காம் பொறியின் படியொன்று செய்யும் பணி 450 பவுனுக்கு ஒப்படைக்கப்பட்டது. அதைத்தான் 1772இல் புறப்பட்ட இரண்டாம் உலகப் பயணத்தில் கேப்டன் ஜேம்ஸ் குக் எடுத்துச் சென்றார். தென்துருவப் பனியிலும் வெப்பமண்டலத்திலும் மூன்றாண்டு சுழன்று 1775இல் திரும்பிய குக், அக்கடிகாரத்தைத் தம் நம்பிக்கைக்குரிய வழிகாட்டி எனப் பாராட்டினார். பிறரால் செய்ய முடியுமா என்ற ஐயம் கடலிலேயே கரைந்தது.

ஆனால் குக் திரும்பும்வரை ஹாரிசன் காத்திருக்கவில்லை. மகனுடன் சேர்ந்து ஐந்தாவது கடிகாரத்தை 1770இல் முடித்தார். அதையும் கடலுக்கு அனுப்பிச் சோதிக்க இன்னும் எத்தனை ஆண்டு என்று எண்ணிய வில்லியம், 1772 தொடக்கத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு முறையிட்டார். வானியலில் ஈடுபாடுடைய மன்னர் தம் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே பத்து வாரம் அதனைச் சோதித்தார். தொடக்கத்தில் கடிகாரம் தாறுமாறாக ஓட, அருகிருந்த பெட்டியில் காந்தக் கற்கள் இருப்பது தெரிந்து அகற்றப்பட்டது. அதன்பின் நாட்பிழை நொடியில் மூன்றிலொரு பங்கு அளவே. இத்தந்தைக்கும் மகனுக்கும் நீதி கிடைக்கச் செய்வதாக மன்னர் உறுதியளித்தார். குழுவோ, தான் ஆணையிடாத சோதனையை ஏற்க மறுத்தது.

அதன்பின் குழுவைக் கடந்து நாடாளுமன்றத்துக்கே வழக்குச் சென்றது. 1773 ஜூனில் 8,750 பவுன் வழங்க அவை முடிவு செய்தது. அது பரிசு அன்று, அவையின் கருணைக்கொடை. சட்டம் வாக்களித்த தீர்க்கரேகைப் பரிசு என்னும் பெயரில் முழுத்தொகையை ஹாரிசன் பெறவேயில்லை, எவரும் பெறவில்லை. 1737 முதல் பெற்ற தவணைகளையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 23,000 பவுன் வரும். பொருள் குறையவில்லை, பெயர்தான் மறுக்கப்பட்டது. 1774இல் பரிசுத் தொகையைப் பாதியாக்கிச் சோதனைகளை இன்னும் கடுமையாக்கிய சட்டம் வந்தது. 1776 மார்ச் 24ஆம் நாள், எண்பத்துமூன்றாம் வயதில், இலண்டன் ரெட்லயன் சதுக்கத்து இல்லத்தில் ஹாரிசன் மறைந்தார்.

நிலைத்தவை

அவருக்குப்பின் ஜான் ஆர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும் அமைப்பை எளிதாக்கி, நூறு பவுனுக்கும் குறைவாகக் கடற்கடிகாரங்களை விற்றனர். 1831இல் சார்லஸ் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலில் இருபத்திரண்டு கடிகாரங்கள் இருந்தன. நிலவுமுறையும் அழியவில்லை, நெடுங்காலம் கடிகாரத்தைச் சரிபார்க்கும் துணையாக நின்றது. பகைவர் எனக் கருதப்பட்ட இரு முறைகளும் கடலில் தோழமை பூண்டன. தீர்க்கரேகைக் குழு 1828இல் கலைக்கப்பட்டது.

கிரீனிச் கிடங்கில் கறைபடிந்து கிடந்த பெரும்பொறிகளை 1920ஆம் ஆண்டு முதல் கடற்படை அலுவலர் ரூபர்ட் கூல்ட், ஊதியம் பெறாமல், பல்லாண்டு உழைத்துத் துலக்கி மீண்டும் ஓடச் செய்தார். 2006இல் வெஸ்ட்மின்ஸ்டர் திருக்கோயிலில் ஹாரிசனுக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. நூறு நாளில் ஒரு நொடிக்குமேல் பிழைக்காத ஊசல் கடிகாரத்தைத் தம்மால் செய்ய இயலும் என்று அவர் தம் இறுதி நூலில் எழுதியதை, முதியவரின் பிதற்றல் என்று அக்காலத்தார் எள்ளினர். அவர் கருத்துகளைப் பின்பற்றிச் செய்யப்பட்ட கடிகாரம் ஒன்று 2015இல் கிரீனிச்சில் நூறு நாள் சோதிக்கப்பட்டது. அது ஒரு நொடிகூடப் பிழைக்கவில்லை. புரியாத நடையில் எழுதப்பட்ட சொல்லும், இரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து மெய்யாயிற்று.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்கு விதி வேண்டும். விதியின்றிக் கொடுப்பது வள்ளன்மையாகத் தோன்றினாலும் அது பிறர் பொருள். ஆனால் புதியது இன்னதென அறிந்து எழுதப்பட்ட விதி உலகில் இல்லை. அறிந்திருந்தால் அது புதியதன்று. ஆகவே அறிவுக்குப் பொருள் ஒதுக்கும் எந்த ஆட்சியும் இரண்டு அறங்களைப் பேண வேண்டியிருக்கிறது. கேட்பதைத் தொடங்குமுன் தெளிவாகக் கேட்பது ஒன்று. கேட்டது கிடைத்தபின் கேள்வியை மாற்றாமலிருப்பது மற்றொன்று. தீர்க்கரேகைக் குழு முதலாவதில் தவறியது; அத்தவற்றை மறைக்க இரண்டாவதிலும் தவறியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தச்சர் மூத்துத் தளர்ந்தார். அவர் கடிகாரம் மட்டும் தளரவில்லை.